குடல் நோயும் இருதய நோயும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

எங்கள் பள்ளிச் சிற்றாலயத்தில் பீடத்திற்கு இடப்புறம் இயேசுவின் திரு இருதயப் படம் மாட்டப்பட்டிருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து, இருதயம் என்பது நெஞ்சின் நட்டநடுவில் சட்டைக்கு வெளியே தெரியும்படி இருப்பது போலும் என்று எண்ணி, என் மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டது உண்டு. அது அவரவர் கைமுட்டி அளவே உள்ள தசைப்பை என்பதையும், நிமிடத்திற்கு 72 தடவை வீதம் ஒரு நாளில் ஒரு லட்சம் தடவைக்கும் மேலாகத் துடிக்கிறது என்பதையும் இந்த ஆண்டுதான் விளங்கிப் படித்தோம். உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இருதயம், தனக்கு வேண்டிய இரத்தத்தை மட்டும் மேலே ஓடும் இரண்டு சிறு தமனிகள் வழியாகவே பெறுகிறது. அவற்றில் ஒன்று அடைபட்டால் மாரடைப்பு.

மாரடைப்புக்கு வழிசெய்யும் காரணங்களை ஆசிரியை கரும்பலகையில் எழுதிப்போட்டார். இரத்தத்தில் கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகைபிடித்தல், உடல் பருமன், மன உளைச்சல். எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுக்களில், குடவோலையில் யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதக் கூடாது என்று பட்டியல் இருக்கிறதல்லவா? அதைப் போன்ற பட்டியல் இது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இந்தப் பட்டியலில் எதிலும் சேராதவர் என்று நாங்கள் நினைத்திருந்த ஒருவருக்கு மாரடைப்பு வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அவர் என் அத்தை. வயது 41. ஒல்லியான தேகம். அவருக்கு இருந்தது குடல் நோய் மட்டுமே. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

அத்தைக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு மலத்தோடு இரத்தமும் சீதமும் போகத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் இரத்தம் போனால் அது மூலம்தான். வயிறு எரிந்தால் அது சூடுதான். துத்திக் கீரை, கருணைக் கிழங்கு, வெந்தயம் ஊறவைத்த மோர் என்று இரண்டு ஆண்டுகள் கழிந்தன. வெட்கத்தால் அத்தை யாரிடமும் விவரமாகச் சொல்லவில்லை. கடைசியில் பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டுக் குடலைப் பார்த்த பிறகே, அது மூலம் அல்ல, 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்னும் பெருங்குடல் புண் அழற்சி என்று தெரிந்தது. குடல் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும் பரிசோதனை செய்தார்கள். நம் நாட்டில் இது மிக முக்கியம். குடல் அழற்சியும் குடல் காசநோயும் சில வேளைகளில் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒன்றாகவே தோன்றும். ஆனால் அழற்சிக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைக் காசநோய்க்காரருக்குக் கொடுத்துவிட்டால் நோய் கொழுந்துவிட்டு எரியும்.

குடல் அழற்சி நோய் முக்கியமாக இருவகை. பெருங்குடலின் உட்சுவரில் மட்டும் புண்ணாவது அத்தைக்கு வந்த வகை. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும், குடல் சுவரின் முழுத் தடிப்பிலும் வருவது குரோன் நோய். 1932இல் நியூயார்க் நகரின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூன்று மருத்துவர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. ஸ்காட்லாந்தின் டால்சீல் என்ற அறுவை மருத்துவர் 1913லேயே இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதிவிட்டார். பெயர் என்னவோ குரோனுக்குப் போயிற்று. இந்த இரண்டு நோய்களும் கிருமி தொற்றி வருபவை அல்ல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தன் குடலைப் பகையாக எண்ணித் தாக்குகிறது. வீட்டுக் காவலுக்கு வைத்த நாய் வீட்டாரையே கடிப்பதைப் போன்றது. மேல்நாட்டு நோய் என்று முன்பு எண்ணினார்கள். ஆனால் பஞ்சாபில் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தபோது, அங்கே ஒரு லட்சம் பேரில் 44 பேருக்கு அத்தைக்கு வந்த வகை நோய் இருப்பது தெரியவந்தது.

இனி அந்த இரவைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஐப்பசி மாதம். மழை பெய்துகொண்டிருந்தது. அத்தை எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். இரத்தம் நின்று ஓராண்டு ஆகிவிட்டதென்று மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்தியிருந்தார். நோய் மறுபடியும் கிளம்பி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு மாத்திரையும், முழங்கால் வலிக்கு வலி மாத்திரையும் தாமே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இரவு ஒன்பது மணிக்கு மார்பு கனக்கிறது என்றார். பிறகு தாடை வலிக்கிறது என்றார். வேர்த்துக் கொட்டியது. பாட்டி, "வாயுதான், வயிற்றுக்காரிக்கு வேறென்ன வரும்?" என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்தார். நான்தான் மழையில் கடைக்கு ஓடிப்போய் சோடா வாங்கி வந்தேன். சோடாவைக் குடித்ததும் ஓர் ஏப்பம் வந்தது. அனைவரும் நிம்மதியாகப் படுத்துவிட்டோம்.

விடியற்காலை நான்கு மணிக்கு அத்தைக்கு மூச்சு வாங்கிற்று. அப்போதுதான் 108க்குப் போன் செய்தோம். அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததும் செவிலியரின் முகம் மாறியது. 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்பு வந்தவருக்கு உடனே கொடுப்பதற்காக 14 மாத்திரைகள் தயாராக வைக்கப்பட்டிருக்கின்றன. இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்பவையும், கொழுப்பைக் குறைக்கும் அட்டர்வாஸ்டாட்டினும் அவற்றில் அடங்கும். அந்த நிலையிலும் அத்தை, "ஐயா, எனக்குக் குடலில் இரத்தம் போகும்" என்று சொன்னார். அதை அவர் சொன்னது நல்லதாயிற்று. மருந்து கொடுத்தால் குடலில் இரத்தம் பெருகலாம். கொடுக்காவிட்டால் இருதயம் நின்றுபோகலாம். இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை. மருத்துவர் சிறிது யோசித்து, தொலைபேசியில் மேல் மருத்துவரிடமும் கேட்டு, மருந்தைக் கொடுத்து, முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். அத்தை பிழைத்துக்கொண்டார். ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி அந்த ஏழு மணி நேரத்தில் செத்துவிட்டது. செத்த தசை மறுபடி வளராது என்று பாடத்தில் ஒரே வரியில் படித்துவிட்டுப் போகிறோம்.

மாமா இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, "கொலஸ்ட்ரால் குறைவாகத்தானே இருக்கிறது, பிறகு எப்படி வந்தது?" என்று கேட்டார். அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அதைக் கேட்ட பிறகு நானும் சில புத்தகங்களைப் பார்த்து அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அழற்சி என்பது குடலில் எரியும் நெருப்பு என்று வைத்துக்கொள்வோம். அடுப்பு சமையலறையில் இருந்தாலும் புகை வீடெங்கும் பரவும். அதைப் போலக் குடலில் உண்டாகும் அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் ஓடுகின்றன. அவை கல்லீரலைத் தூண்டுகின்றன. கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தையும், இரத்தம் உறைவதற்கு உதவும் ஃபைப்ரினோஜனையும் மிகுதியாகச் சுரக்கிறது. 1930இல் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் புரதத்தைத்தான் இன்று 'சி.ஆர்.பி.' என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். மேலும், புண்ணான குடல் சுவர் ஓட்டைக் கூடைபோல் ஆகிவிடுவதால், உள்ளே அடங்கியிருக்க வேண்டிய பாக்டீரியாவின் நச்சுப் பொருள்கள் கசிந்து இரத்தத்தில் சேர்ந்து நெருப்புக்கு எண்ணெய் வார்க்கின்றன.

இரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒற்றை வரிசைச் செல்களால் ஆன வழவழப்பான மெல்லிய படலம் இருக்கிறது. நலமாக இருக்கும்போது அது நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்தி வைக்கும், எதையும் ஒட்டவிடாது. அழற்சி நீடித்தால் அது சொரசொரப்பாகிறது. அப்போது கொழுப்பு சிறிதளவே இருந்தாலும் சுவருக்குள் நுழைந்துவிடும். அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. இப்படித் திட்டுத்திட்டாகப் படிவது ஒரு நாள் வெடித்தால், அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். குடல் நோய் சீறும் காலத்தில் இரத்தத்தில் தட்டணுக்களும் பெருகிவிடுவதால் உறைவது எளிதாகிறது. கால் நரம்புகளில் இரத்தக் கட்டி உண்டாவது இந்த நோயாளிகளுக்கு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் அதை நடந்த களைப்பு என்று விட்டுவிடக் கூடாது.

கொழுப்புக் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நோய் சீறும்போது உணவு உடம்பில் ஒட்டாது. அழற்சியும் கொழுப்பின் அளவைக் குறைத்துக் காட்டும். எடையும் குறையும். ஒல்லியாக இருக்கிறார், கொலஸ்ட்ரால் குறைவு, ஆகையால் இருதயத்துக்குப் பயமில்லை என்று நாம் தேர்வு முடிவு எழுதிவிடுகிறோம். இங்கே அந்தக் குறைந்த எண் நலத்தின் அடையாளம் அல்ல, நோயின் அடையாளம்.

அழற்சியைத் தணித்தால் மாரடைப்பு குறையுமா என்பதை நேராகவே சோதித்தார்கள். முன்பே மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் கனகினுமாப் என்ற ஊசி மருந்தைக் கொடுத்துப் பார்த்த 'கான்டோஸ்' ஆய்வு 2017இல் வெளிவந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் ஓரளவு குறைந்தன. ஆனால் எதிர்ப்புச் சக்தி தணிந்ததால் தொற்றுநோயில் இறந்தவர்கள் சற்று அதிகமானார்கள். எனவே அந்த மருந்து மாரடைப்பைத் தடுப்பதற்கென்று வழக்கத்துக்கு வரவில்லை. என்றாலும் அழற்சிக்கும் மாரடைப்புக்கும் உள்ள உறவு அதனால் உறுதிப்பட்டது.

குடல் நோயாளிகளுக்கு ஆபத்து எவ்வளவு அதிகம்? பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். கணக்காகச் சொன்னால், 100 பேரில் ஐவருக்கு மாரடைப்பு வரும் இடத்தில், குடல் நோயாளிகள் 100 பேரில் ஆறு பேருக்கு வரும். இதைக் கேட்டு எந்தக் குடல் நோயாளியும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சராசரிக்குள் ஒரு செய்தி மறைந்திருக்கிறது. டென்மார்க்கில் 20,000க்கும் அதிகமான குடல் அழற்சி நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், நோய் சீறும் காலத்தில் மாரடைப்பு ஆபத்து ஒன்றரை மடங்காகவும், நோய் அடங்காமலே நீடித்தால் இரண்டு மடங்காகவும் இருந்தது. நோய் அடங்கியிருக்கும் காலத்திலோ மற்ற மக்களுக்குச் சமமாகவே இருந்தது! எனக்கு இந்த ஆய்வைப் படித்தபோது அத்தை தாமாக மாத்திரையை நிறுத்திய நாள்தான் நினைவுக்கு வந்தது. குடலுக்காகப் போடும் மாத்திரை இருதயத்துக்கும் காவல் என்று அவருக்கு அன்று யாராவது சொல்லியிருக்கலாம். பெண்களுக்கும் இளவயதினருக்கும் இந்தக் கூடுதல் ஆபத்து தெளிவாகத் தெரிகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன.

நோயைத் தவிர மருந்துகளிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை நெருப்பை விரைவில் அணைக்கும். அது உயிர்காக்கும் மருந்தே. ஆனால் மாதக் கணக்கில் நீண்டால் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, உடம்பில் நீர்தேக்கம் மூன்றையும் கொண்டுவரும். அத்தைக்கு அன்று சர்க்கரை ஏறியிருந்தது அதனால்தான். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் குடல் புண்ணையும் கிளறும், இருதயத்துக்கும் தீங்கு. குடல் அழற்சிக்காரர்களுக்கு மூட்டுவலி வருவது அந்த நோயின் ஒரு பகுதியே. ஆனால் நம் ஊரில் மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டால் முதலில் கிடைப்பது அந்த மாத்திரைதான். டோஃபாசிட்டினிப் என்ற புதிய மருந்தைப் பற்றி, இருதயக் கோளாறு உள்ளவர்களும் வயதானவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2021இல் அறிவித்தது.

இரத்தசோகை இன்னொன்று. நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தம் போனால் இருதயம் குறைந்த இரத்தத்தைக் கொண்டு அதே வேலையைச் செய்ய அதிகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. கடும் பேதியில் பொட்டாசியம் உப்பு வெளியேறிவிட்டால் துடிப்பின் ஒழுங்கே கெடும். அத்தை வயிற்றுக்கு நல்லதென்று மூன்று வேளையும் மோர்ச் சோறும் எலுமிச்சை ஊறுகாயுமே சாப்பிட்டு வந்தார். மோர்ச் சோற்றில் குற்றமில்லை. ஊறுகாயின் உப்புதான் இரத்தக் கொதிப்பை ஏற்றியது. பீடியும் சிகரெட்டும் குரோன் நோயை மோசமாக்கும், இருதயத்தையும் கெடுக்கும்.

இருதயமும் குடலும் சேர்ந்து வருத்திய பெரிய மனிதர் ஒருவரை வரலாற்றில் காண்கிறோம். அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு 1955 செப்டம்பரில் மாரடைப்பு வந்தது. அடுத்த ஆண்டு, 1956 ஜூன் மாதம், குரோன் நோயால் குடல் அடைபட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் மறுபடி வென்று, 1959 டிசம்பரில் நம் நாட்டுக்கும் வந்து சென்றார். அவருடைய மாரடைப்புக்குக் குடல்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பல ஆண்டுகள் நாளொன்றுக்கு நான்கு பெட்டி சிகரெட் பிடித்தவர்! ஆனால் இரண்டு நோய்களும் ஒரே உடம்பில் குடியிருக்கும் என்பதற்கும், அவற்றோடு பல ஆண்டுகள் வாழலாம் என்பதற்கும் அவர் சாட்சி.

தோழியர் மகிழக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. பெருங்குடல் புண் அழற்சிக்கு முதன்முதலில் நல்ல பலன் தந்த சல்ஃபாசலசின் என்னும் மருந்தைப் பயனுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பெண்மணி. சுவீடன் நாட்டு மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ். கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 1937இல் பேராசிரியையாக நியமிக்கப்பட்டார். அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் அப்பதவி பெற்ற முதல் பெண் அவரே. அவர் அதை மூட்டு நோய்க்கென்று தேடப்போய், குடல் நோய்க்கு மருந்து கிடைத்தது. அந்த மருந்தின் வழிவந்த மெசலசின் மாத்திரைதான் இன்று அத்தையின் டப்பாவிலும் இருக்கிறது.

நம்மவர்க்கு இன்னொரு பொதுவான ஆபத்தும் உண்டு. கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடத்தி 2004இல் வெளியிட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்று காட்டியது. குடல் நோய் பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்குகிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், இருதயத்தைச் சோதிக்க ஐம்பது வயது வரை காத்திருப்பது குடல் நோயாளிக்குப் பொருந்தாது.

பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது மார்வலியோடு தாடை வலி, முதுகு வலி, குமட்டல், மூச்சுத் திணறல், சொல்ல முடியாத களைப்பு ஆகியவை மிகுதியாக வருகின்றன. சில வேளைகளில் மார்வலி முன்னே தெரிவதேயில்லை. இவை யாவும் வயிற்றுக்கோளாறு போலவே தோன்றும். அதிலும் ஏற்கெனவே வயிற்று நோய்க்காரர் என்று பெயர் வாங்கியவர் என்றால் கேட்கவே வேண்டாம். ஏப்பம் வந்ததால் வாயுதான் என்று முடிவு செய்வது தவறு. சோடா குடித்தால் யாருக்கும் ஏப்பம் வரும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் அவர்கள் வந்தால் பாட்டிக்கு மட்டும் பார்க்கச் சொல்வோம். அத்தை "எனக்கு என்ன, நான் ஒல்லிக்குச்சி" என்று அடுக்களைக்குள் போய்விடுவார். இப்போது முதலில் கையை நீட்டுபவர் அவர்தான்.

என் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அத்தைக்காக ஆறு கட்டங்கள் போட்டு வைத்திருக்கிறேன். இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், எடை, சி.ஆர்.பி., மாத்திரை தவறிய நாள்கள். மாதம் ஒரு முறை அவர் சீட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார். நான் பார்த்து எழுதுவேன். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்கிறார். சென்ற மாதம் சி.ஆர்.பி. 4 என்று எழுதினேன். மாத்திரை தவறிய நாள்கள் என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதப் போனபோது, "அது ஊர்த் திருவிழா, கணக்கில் சேர்க்காதே" என்றார். சேர்த்துத்தான் எழுதினேன்.